பதினெட்டு வீட்டு லைனில் பேச்சு நின்ற கதை

பஞ்சாலையின் சங்கு கடைசியாக ஊதி ஒன்பது வருஷம் ஆன பிறகும் அதன் தொழிலாளர் குடியிருப்பில் ஆட்கள் இருந்தார்கள். ஆலையின் வழக்கு கோர்ட்டில் கிடந்தது, வீட்டைக் காலி செய்தவனுக்குத் தீர்ப்பில் பாத்தியதை இல்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார், அதனால் கூரையில் ஓடு நழுவினாலும் கதவில் கரையான் ஏறினாலும் பதினெட்டு வீட்டுக்காரர்களும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பதினெட்டு வீடும் ஒரே நீளக் கூரைக்குக் கீழே, ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல ஒட்டி நின்றன, அந்த வரிசைக்கு லைன் என்று பேர். கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்திருந்தான். இடைச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி, கூரையை எட்டாமல் அங்கேயே நின்றுவிட்டன. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் பதினெட்டாம் வீட்டில் தும்மினார்கள். நான்காம் வீட்டுச் சண்டைக்குப் பதினொன்றாம் வீட்டிலிருந்து தீர்ப்பு வந்தது.

ஒன்பதாம் வீட்டில் மாரிக்கனி இருந்தாள். அவள் மாமனார் ஆலையில் வேலை பார்த்து அந்த வீட்டிலேயே செத்தவர். புருஷன் வேல்ராஜ் மஸ்கட்டில் ஏசிக் குழாய் மாட்டும் வேலையில் இருந்தான். மகள் நிவிஷாவுக்கு அப்போது பதினோரு மாதம். குடியிருப்பு ஒரு பள்ளத்தில் இருந்ததால் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் அதற்குள் இறங்கியதே இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு இணைய இணைப்பு வாங்கி, நடு வீடு என்று மாரிக்கனி வீட்டில் பெட்டியை மாட்டியிருந்தார்கள். வெளியுலகத்திலிருந்து எது வந்தாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரவேண்டும். மாரிக்கனியின் வேலையும் அதன் வழியாகத்தான் வந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு இணைப்பு நிற்கிறது என்று எழுதிக் கேட்பார்கள், அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பெட்டியை அணைத்து முப்பதுவரை எண்ணிவிட்டு மறுபடி போடுங்கள் என்று எழுதிப் பதில் சொல்வாள்.

ஆனால் அவள் வீட்டுப் பெட்டியே நின்று நின்று போயிற்று. பச்சை விளக்கு எரியும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். அவள் அணைத்து முப்பது எண்ணினாள், பிறகு நூறு எண்ணினாள். பெட்டியைப் பரணில் ஏற்றினாள், ஜன்னலில் வைத்தாள், ஃபிரிஜ் பக்கத்திலிருந்து நகர்த்தினாள், கண்ணாடிக்கு எதிரே இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லக் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். பெட்டியின் கொம்புகளைக் கிழக்கே திருப்பினாள், மேற்கே திருப்பினாள், ஒன்றை நிமிர்த்தி ஒன்றைப் படுக்கப் போட்டாள். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினாள். கேபிள்காரன் செந்தட்டி கம்பத்திலிருந்து புது வயர் இழுத்தான், அடுத்த வாரம் புதுப் பெட்டி கொண்டுவந்தான், அதற்கடுத்த வாரம் கம்பத்தையே மாற்றினான். விளக்கு தன் இஷ்டத்துக்குச் சிவந்தது.

பங்குனியில் பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. லைனே திரண்டு போய்விட்டது. மாரிக்கனிக்குத் தொண்டையில் புண், மூன்று நாள் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் மட்டும் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். அந்த மூன்று நாளும் பச்சை விளக்கு இமைக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் போவதுபோல இணைப்பு ஓடியது. நான்காம் நாள் காலை ஜனங்கள் திரும்பி வந்து முதல் ஆள் முதல் வார்த்தை பேசியதும் நின்றது.

செந்தட்டி வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து விளக்கைப் பார்த்தான். லைனை அடங்கச் சொல்லிவிட்டு அவளிடம் ஏதாவது பேசச் சொன்னான்.

"என்னத்தப் பேச?" என்றாள். விளக்கு சிவந்தது.

அவன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தான். இருமினான், நிற்கவில்லை. பாத்திரத்தைத் தட்டினான், நிற்கவில்லை. பிள்ளை அழுதது, வாசலில் நாய் குரைத்தது, காக்கை கத்தியது, எதற்கும் நிற்கவில்லை. முதல் வீட்டுக்குப் போய்க் குடத்துக்குள் தலையை விட்டு "ஒண்ணு" என்று முணுமுணுத்தான், ஒன்பதாம் வீட்டில் விளக்கு சிவந்தது. புகார் புத்தகத்தை எடுத்து, வயரில் பழுது இல்லை, பெட்டியில் பழுது இல்லை, கூரைக்குக் கீழே யாராவது பேசினால் இணைப்பு அறுகிறது, வாடிக்கையாளரிடம் தெரிவிக்கப்பட்டது என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வடக்கே ஒரு ஊரில் பால் பொங்கினால் நிற்கிற இணைப்பு இருக்கிறது, அதற்கு இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

அன்று சாயங்காலம் லைன் கூடியது. பேச வேண்டியது அதிகம் இல்லை. எட்டாம் வீட்டுச் சீனியம்மாளின் மகன் ஆன்லைனில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பதினாறாம் வீட்டில் இரண்டு பெண்களுக்கு மாரிக்கனியே தன் கம்பெனியில் வேலை வாங்கித் தந்திருந்தாள். ஆவுடையப்பன், ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர், வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தை வாரம் ஒருமுறை அந்தப் பெட்டி வழியாகப் பார்த்து உயிர் வைத்திருந்தார். அவர் எழுந்து எல்லாரையும் பார்த்தார்.

"இது நமக்குப் புதுசா? முப்பது வருசம் மெஷின் சத்தத்துல வாயத் தொறக்காமத்தான நூல் ஓட்டுனோம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கூரைக்குக் கீழே யாரும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை.

அது உண்மைதான், ஆலைக்காரர்களுக்கு அது புதிதில்லை. இயந்திரங்கள் இரைகிற இடத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்பதால் அவர்கள் கையால் பேசப் பழகியிருந்தார்கள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பிரித்தால் நூல் அறுந்தது. சுட்டுவிரலைச் சுழற்றினால் நூல் சுற்றும் கட்டை நிறைந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் கட்டை காலி. தலையில் கை வைத்தால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் தண்ணீர். கையை வெட்டுவதுபோலக் கீழே இறக்கினால் மெஷினை நிறுத்து. இப்படி நாற்பது சைகை இருந்தது. நாற்பதை வைத்துக்கொண்டு அவர்கள் சம்பளம் கேட்டிருக்கிறார்கள், கல்யாணம் பேசியிருக்கிறார்கள், ஒரு வேலைநிறுத்தமே நடத்தியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் லைன் முழுதும் நாற்பதும் படித்துக்கொண்டது. டிவி சத்தமில்லாமல் ஓடியது. கீரைக்காரி கூடையைத் தட்டி வந்தாள். மாரிக்கனி வெள்ளிக்கிழமைதோறும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு புருஷன் பேசுவதைக் கேட்டாள், பதிலைக் கையால் சொன்னாள்; மடியில் இருந்த பிள்ளை, திரையில் அப்பாவின் வாய் ஓசையில்லாமல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயால் பேசியே தீரவேண்டும் என்றால் கிழக்கே இருநூறு அடி தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போகவேண்டும். நான்கு கால்களில் நின்ற அந்தத் தொட்டியின் கீழே பேசினால் விளக்கு சிவப்பதில்லை என்று செந்தட்டி அளந்து சொல்லியிருந்தான். புருஷன் பெண்டாட்டிகள் சண்டையைச் சேர்த்துவைத்து அங்கே எடுத்துப்போனார்கள். பாதி சண்டை நடக்கிற தூரத்தில் ஆறியது, மீதி பாதி கூர் ஏறியது. சீனியம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டு போவாள், ஏழு விரல் மடங்கியிருந்தால் மருமகளுக்கு ஏழு ஏச்சு. மருமகள் பத்து விரலையும் மடக்கிக்கொண்டு பின்னால் போவாள். பன்னிரண்டாம் வீட்டுப் பெரியவர் செத்தபோது பெண்கள் தொட்டிக்குப் போய்க் கட்டியழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்று பதினாறாம் வீட்டுப் பெண்களில் ஒருத்திக்கு வேலை இருந்தது, அவள் பிணத்துக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. சீனியம்மாளின் மகன் முதல் பரீட்சையில் தேறினான், அடுத்ததற்குப் படித்தான்.

பிள்ளையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. மாரிக்கனியே கவனிக்கவில்லை. முதலில் நிவிஷா மழலையாக ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். வார்த்தை ஆகாத சத்தத்துக்கு விளக்கு சிவக்காது என்பதால் யாரும் தடுக்கவில்லை, யாரும் பதிலும் சொல்லவில்லை. கிணற்றில் கல் போட்டுச் சத்தம் வராமல் போனால் பிள்ளைகள் எப்படி அந்தக் கிணற்றை விட்டுவிடுமோ அப்படி அவள் அதை விட்டுவிட்டாள். பசித்தால் உள்ளங்கையை விரித்தாள், வயிறு நிறைந்தால் விரலைச் சுழற்றினாள். லைனே அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துச் சிரித்தது. இரண்டரை வயது நெருங்கியபோது ஒருநாள் வாசற்படியில் விழுந்து முழங்கால் பிளந்தது. அவள் அழவில்லை. ரத்தம் ஒழுக நடந்து வந்து, எழுதிக்கொண்டிருந்த அம்மாவின் முழங்கையைத் தட்டி, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பிரித்துக் காட்டினாள்: நூல் அறுந்தது.

மாரிக்கனி அவளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள். குழந்தை டாக்டர் காலுக்கு மூன்று தையல் போட்டுவிட்டு, பெயர் என்ன என்று பிள்ளையைக் கேட்டார், பிள்ளை அவர் வாயையே பார்த்தது. டாக்டர் காதைச் சோதித்தார், தொண்டையைச் சோதித்தார், எல்லாம் நன்றாக இருந்தது. வீட்டில் யார் யார் இவளோடு பேசுவீர்கள் என்று கேட்டார். யாரும் பேசுவதில்லை என்றாள் மாரிக்கனி. டாக்டர் ஆச்சரியப்படவில்லை, அன்று காலையில் மட்டும் அப்படி நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருந்தார். மருந்து எழுதும் சீட்டில், "பேச்சு, காலை முதல் தூங்கும்வரை" என்று எழுதினார்.

"மூணு வயசு முடியுறதுக்குள்ள வரலேன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்மா" என்றார். "மாசத்த எண்ணிப் பாருங்க."

ஏழு மாதம் இருந்தது.

தினமும் வேலை முடிந்ததும் பிள்ளையைத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். ஒரு தூணடியில் உட்கார்ந்து, அம்மா என்றாள், தண்ணி என்றாள், நிலா என்றாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. பக்கத்துத் தூணில் சீனியம்மாளும் மருமகளும் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள், எதிர்த் தூணில் பதினான்காம் வீட்டுக்காரன் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொல்லி அழுதான். நிவிஷா எல்லா வாயையும் பார்த்தாள். பிறகு எட்டி, தன் சின்ன உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். மெல்லத்தான் பொத்தினாள், ஒழுகுகிற குழாயை மூடுவதுபோல. அவளுக்குப் பேச்சு என்பது தொட்டிக்கு அடியில் பெரியவர்களுக்கு வருகிற ஒரு வலி.

ஒரு மாதம் அப்படிப் போயிற்று. மாரிக்கனி லைனைத் தொட்டிக்குக் கூட்டினாள். பிள்ளைக்குப் பேச்சு வீட்டுக்குள் வேண்டும், சோறு ஊட்டும்போது வேண்டும், குளிப்பாட்டும்போது வேண்டும், அதற்கு லைன் பகலில் நாலு மணி நேரம் தரவேண்டும் என்று கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் அவள்மேல் கோபம் இல்லை. பதினாறாம் வீட்டுப் பெண்களுக்குப் பகல் வேலை. ஐந்தாம் வீட்டுக்காரன் புதிதாகப் பகலில் கணக்கு டியூஷன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏ மாரி, எம் மகனுக்குத் தை மாசம் கடைசிப் பரீட்சை" என்றாள் சீனியம்மாள். "அது முடியட்டும் பிள்ள. நானே உக்காந்து அவளுக்குக் கதை சொல்லுதேன். வாய் என்ன ஓடியா போயிரும்?"

"ஓடிரும்னுதான் மதினி டாக்டர் சொல்லுதாரு. தை மாசம் இவளுக்கு மூணு முடிஞ்சிருது."

"ஊமையாவா பொறந்தா? எங்க வீட்டுல ஒருத்தி நாலு வயசுலதான் பேசுனா. இப்ப அவ வாய மூட ஆள் வைக்கணும்."

அங்கங்கே சிரித்தார்கள். மாரிக்கனி சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "நீயும் அந்தப் பெட்டியிலதான சாப்பிடுத தாயி" என்றார், வைகிற மாதிரி இல்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரி. மற்றவர்கள் கலைந்த பிறகும் அவள் அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டு தூணடியில் இருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, முகம் தெரியாத ஒருவர் தன் இணைப்பு நிற்கிறது என்று எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மாரிக்கனி பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "இது கரண்டி" என்றாள்.

விளக்கு சிவந்தது. அவள் நிறுத்தவில்லை. இது செம்பு, இது அரிசி, இது கல் உப்பு, இது உன் கால், இது தையல் போட்ட தழும்பு. சுவர்களுக்கு மேலே அவள் குரல் ஏறி, பதினெட்டு வீட்டுக்கும் ஒரே கூரையாக இருந்த அந்த நீள இருட்டில் ஓடியது. ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து அவள் வாசலில் நின்றார்கள். திட்டவில்லை, திட்டினால் அதுவும் பேச்சு. கையை வெட்டுவதுபோலக் கீழே இறக்கிக் காட்டினார்கள். மெஷினை நிறுத்து, மெஷினை நிறுத்து. முப்பது கைகள் ஏறி இறங்கின. நிவிஷா அம்மாவைப் பார்த்து, கையை வெட்டுவதுபோல அவளும் இறக்கினாள். மாரிக்கனி அந்தக் கையைப் பிடித்து, "இது கை" என்றாள்.

நான்காம் நாள் அவர்கள் செங்கல் கொண்டுவந்தார்கள். சண்டை இல்லை. பெட்டியைக் கழற்றிச் சீனியம்மாள் வீட்டில் மாட்டினார்கள். ஒன்பதாம் வீட்டின் இரண்டு பக்கச் சுவரும் கூரையை எட்டும்வரை ஏறின. ஆவுடையப்பன் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார். சீனியம்மாள் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து, சிமெண்ட் தூசி விழாமல் சோற்றுப் பானைக்கு மேல் விரித்தாள். மாரிக்கனி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பேசும்போது கதவையும் ஜன்னல் பலகையையும் சாத்திக்கொள்ளவேண்டும் என்று கையால் சொன்னார்கள், தலையாட்டினாள். எண்பது வருஷமாகத் திறந்திருந்த அந்தக் கூரையில் முதல்முறையாக ஒரு வீடு தனியாகிப்போனது.

காலையில் மாரிக்கனி, பெட்டி இருந்த எட்டாம் வீட்டின் மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் வேலை பார்ப்பாள், பிள்ளை பக்கத்தில் இருக்கும். மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு பேசத் தொடங்குவாள். காற்று ஓட வழியில்லை. அடுப்புப் புகை சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. புரட்டாசி வெயிலில் ஓடு காய்ந்து இறங்கியபோது அம்மாவும் மகளும் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள், அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தெரிந்த பொருளெல்லாம் தீர்ந்தபிறகு பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொன்னாள், வேல்ராஜின் சட்டை நிறங்களைச் சொன்னாள், அவனுடைய கோபங்களைச் சொன்னாள், ஆறாம் வகுப்பில் படித்த பாடத்தைச் சொன்னாள், சொன்னதையே சொன்னாள். வெள்ளிக்கிழமைப் பார்வையை விட்டுவிட்டாள், அந்த நேரமும் பிள்ளைக்கு வேண்டியிருந்தது. வேல்ராஜ் திரைக்கு வந்து சீனியம்மாளின் சுவரைப் பார்த்துவிட்டுப் போனான். பிள்ளை வாயைப் பொத்துவதை நிறுத்தியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று.

மார்கழியில் ஒரு மத்தியானம் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அலுப்பில் கண் செருகியபடி, கையில் இருந்ததைத் தூக்கிக்காட்டி, "இது செம்பு" என்றாள்.

"இல்ல" என்றது பிள்ளை.

மாரிக்கனி கண்ணைத் திறந்தாள்.

"கரண்டி."

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

பேச்சு பிள்ளைக்குள் இத்தனை நாளாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்று மடை திறந்ததும் அது ஒன்றிரண்டாக வரவில்லை, கரண்டி, கல் உப்பு, தழும்பு, பஸ் நிறுத்தங்களின் பெயர்கள், ஐந்தே நாளில் யார், எங்கே, எதற்கு என்று கேள்விகளாக வந்தது. ஆனால் பிள்ளைக்கு மெல்லப் பேசத் தெரியாது. அம்மாவைத் தவிர லைனில் யாரும் மெல்லப் பேசி அவள் கேட்டதில்லை. தொட்டிக்கு அடியில் கேட்ட கத்தல்தான் அவளுக்குள் பதிந்திருந்தது. அவள் குரல் ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக வெளியே போனது. எட்டு நாள் மத்தியானமும் சீனியம்மாள் வீட்டில் விளக்கு சிவந்தது, பதினேழு வீட்டிலும் வேலை நின்றது. எட்டாம் நாள் சாயங்காலம் லைன் தொட்டிக்குப் போய்த் திரும்பியது. சீனியம்மாள் விரல் எதையும் மடக்காமல் போய் வந்தாள், அவள் மகனுக்குப் பரீட்சைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆவுடையப்பன் அளவு டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வீட்டு ஜன்னலுக்கு வந்தார். பலகையைத் திறந்தார். குறுக்கே அளந்து சுவரில் எழுதினார். நெடுக்கே அளப்பதற்காக டேப்பை இழுத்தபோது கம்பிகளுக்குப் பின்னால் நிவிஷா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருட்டில் மாரிக்கனி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எழவும் இல்லை, பிள்ளையைக் கூப்பிடவும் இல்லை.

"எதுக்கு?" என்று கேட்டாள் நிவிஷா.

கிழவர் கையைத் தூக்கினார். நாற்பது சைகையும் அவர் விரலில் இருந்தது. எதற்கு என்பதற்கு ஆலையில் சைகை இல்லை, அதற்குப் பதிலுக்கும் இல்லை, அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை. தூக்கிய கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

"சத்தம் வெளிய வராம இருக்க, தாயி" என்றார்.

பிள்ளை கேட்டபோதே பதினேழு வீட்டிலும் இணைப்பு நின்றிருந்தது. பதில் பேசியது யார் என்று பார்க்க ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள், யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றார்கள்.

"யாரு சத்தம்?"

"உஞ் சத்தந்தான்."

"அது எங்க போவும்?"

"எங்க வீட்டுக்கெல்லாம் வரும்."

"வந்து?"

அவர் டேப்பின் நுனியை ஜன்னல் மூலையில் அழுத்திப் பிடித்தார். "வந்து... எங்க வேலையெல்லாம் நின்னுபோவும்" என்றார். பிள்ளை அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ நீ மட்டும் பேசுறியே என்றது. முறத்தில் அரிசி அசைவது நின்றது. கிழவர், ஆமாம் தாயி, பேசுகிறேன் என்றார், ஏன் பேசுகிறாய் என்று அது கேட்டது, நீ கேட்டாய் அல்லவா என்றார், கேட்டால் சொல்லணுமா என்றது. அவர் நெடுக்கு அளவைப் பார்த்தார். எண்ணை மறந்துபோய் மறுபடி அளந்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அளந்தார்.

அந்த நேரத்தில் செங்கல் வண்டி முனை திரும்பி வந்து நின்றது. வண்டிக்காரன் லைன் வழக்கம் தெரிந்தவன், ஹாரன் அடிக்காமல் இறங்கி, இறக்கவா என்று கையால் கேட்டான். ஆவுடையப்பன் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அது கடைசியாகக் கேட்டதற்குப் பதிலைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இடது கையைப் பின்னால் நீட்டி, இறக்கு என்று காட்டினார். கல் இரண்டிரண்டாக இறங்கத் தொடங்கியது. அவர் மீதிப் பதிலைச் சொன்னார்.